நாற்பது வயதில் மோட்டச்சைக்கிள்: ஓமோ, வேண்டாமோ?

போன மாதம் ஒரு வாசகி அனுப்பிய கேள்வியோடு தொடங்குகிறேன். "என்ர மனிசனுக்கு நாற்பது வயது முடிஞ்சிட்டுது. இப்ப பெரிய மோட்டச்சைக்கிள் ஒண்டு வாங்கி ஊர் ஊராப் போகவேணுமெண்டு ஒரே பிடியா நிக்கிறார். ரண்டு சின்னப் பிள்ளையள். நீங்களும் பிள்ளையள் இருக்கிற ஆள்தானே, நீங்கள் எப்பிடி ஓடுறியள்? நான் ஓமெண்டு சொல்லுறதோ, வேண்டாமெண்டு சொல்லுறதோ?"

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. இங்கே பிறந்தோ சின்ன வயதில் வந்தோ வளர்ந்த எங்கள் வயதுக்காரர் பலர் இப்போது அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறோம். வீட்டுக் கடன் பாதி முடிந்துவிட்டது, பிள்ளைகள் தாங்களே சப்பாத்துக் கட்டுவார்கள், ஞாயிறு காலையில் இரண்டு மணித்தியாலம் மிச்சம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கராஜிலிருந்து ஒரு பைக் வெளியே போகும் சத்தம் கேட்கும். ஆசை அப்படித்தான் வருகிறது.

நான் ரொறன்ரோவில் இருந்து பதினான்கு வருடமாகப் பைக் ஓடுகிறேன். ஒரு மகள், ஒரு மகன். மனைவி ஓடுவதில்லை, பின்னால் இருந்து வருவதும் குறைவு. எனக்குத் தூரம் ஓடப் பிடிக்கும். வீட்டுக்குத் திரும்பி வரவும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதற்கு என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இந்த முறை எழுதுகிறேன். ஓம், வேண்டாம் இரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

எங்கட அம்மாமார் ஏன் பயப்பிடுகினம்?

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் குடும்ப வாகனம். அப்பா வைத்திருந்தது ஒரு ஹொண்டா 50. முன்னுக்கு அக்கா நின்றுகொண்டு வருவாவாம், பின்னுக்கு அம்மா ஒருபக்கமாக இருந்து வருவாவாம், கையில் மரக்கறிப் பையும் இருக்குமாம். ஹெல்மெற் அப்பாவின் தலையில் மட்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காத காலத்தில் சித்தப்பா மண்ணெண்ணெயில் ஓடினவர். சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதாம். பின்னால் வருபவருக்குப் புகையில் கண் எரியும். அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், கலியாண வீட்டுக்கும் போனார்கள்.

அப்படி ஓடிய ஆட்களேதான் இங்கே, "மோட்டச்சைக்கிளோ? உனக்கென்ன விசரே?" என்று கேட்கிறார்கள். முதலில் எனக்கு இது விளங்கவில்லை என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு விளங்குகிறது. அங்கே அது தேவை, வேறு வழி இருக்கவில்லை. வேகமும் மணிக்கு 40, 50 தான். இங்கே கராஜில் கார் நிற்கிறது, ஏழு காற்றுப் பையோடு. அதை விட்டுவிட்டு இரண்டு சில்லில், 100 கிலோமீற்றர் வேகத்தில், பெரிய ட்ரக்குகளுக்குப் பக்கத்தில் போகிறோம். தேவைக்கு ஓடினால் ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. ஆசைக்கு ஓடினால் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அதைச் சிரித்து மழுப்பக் கூடாது.

கணக்கை மறைக்காமல் பார்ப்போம்

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வருடா வருடம் வெளியிடும் கணக்கின்படி, ஒரே தூரம் ஓடினால் காரில் இருப்பவரைவிட மோட்டார் சைக்கிளில் இருப்பவர் உயிரிழக்கும் வாய்ப்பு இருபது மடங்குக்கும் மேல். இதை மனைவியிடம் சொல்லாமல் பைக் வாங்குபவர் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த இருபது மடங்கு எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இதை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹேர்ட். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, 1981 இல் அறிக்கை வெளியிட்டார். பழைய அறிக்கைதான், ஆனாலும் பயிற்சி கொடுக்கும் ஆட்கள் இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நான்கில் மூன்று விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு நடந்தவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் பிழை மற்ற வாகனக்காரருடையது: சந்தியில் இடப்பக்கம் திரும்பும் கார்க்காரர் "நான் பைக்கைக் காணவேயில்லை" என்பார். தனியாக விழுந்தவர்களில் பெரும்பாலானோர் வளைவில் அகலப் போய் விழுந்திருக்கிறார்கள், அல்லது பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்து வழுக்கியிருக்கிறார்கள். உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் மது எடுத்திருந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல், தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள்.

இந்தப் பட்டியலை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். மது முழுக்க முழுக்க எங்கள் கையில். பயிற்சி எங்கள் கையில். வளைவும் பிரேக்கும் எங்கள் கையில். இடப்பக்கம் திரும்பும் அந்தக் கார் எங்கள் கையில் இல்லை, ஆனால் அதை முன்கூட்டியே கண்டு வேகத்தைக் குறைப்பது எங்கள் கையில். மிச்சம் ஒரு பங்கு எப்போதும் இருக்கும். அதை ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் ஓடக் கூடாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் எதில் தங்கியிருக்கிறது என்று பார்த்தால், கவனத்தில். கவனத்தைத் தின்பது களைப்பு. தூரப் பயணப் பைக் என்று ஒன்றை உருவாக்கியதே களைப்பைக் குறைக்கத்தான். பைக் தெரிவு செய்யும்போது இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எது தூரப் பயணப் பைக்?

இந்த வகைக்குப் பெரிய பெயர் ஹொண்டா கோல்ட் விங். 1974 இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 1000 சிசி, நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் என்ஜின், செயினுக்குப் பதிலாக ஷாப்ற். ஆனால் அதில் காற்றுத் தடுப்பும் இல்லை, சாமான் பெட்டியும் இல்லை. வாங்கிய ஆட்கள்தான் தூரம் ஓடிக் களைத்து, கிரெய்க் வெற்றர் என்ற அமெரிக்கர் விற்ற 'வின்ட்ஜாமர்' காற்றுத் தடுப்பை வாங்கிப் பூட்டினார்கள், பெட்டிகள் கட்டினார்கள். 1980 இல் ஹொண்டாவே இவையெல்லாம் பூட்டிய மாதிரியை விற்பனைக்கு விட்டது. பிறகு ஆறு சிலிண்டர் வந்தது, பின்னுக்கு எடுக்க ரிவேர்ஸ் வந்தது, 2006 இல் காற்றுப் பையும் வந்தது. பின்சீற்றில் இருப்பவருக்குச் சாய்மானம், கைப்பிடி, சீற்றுக்கு வெப்பம். ஓடுபவர்களின் முதுகும் தோளும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பைக் அது.

அப்படியென்றால் வாசகியின் கணவர் கோல்ட் விங்தான் வாங்கவேண்டுமா? நிறையைப் பாருங்கள். மாதிரிக்கு ஏற்ப 365 கிலோவிலிருந்து 390 கிலோ வரை. ஓடும்போது அது தெரியாது, பூப்போலப் போகும். காஸ் ஸ்ரேசனில் சரிவான இடத்தில் காலூன்றும்போது தெரியும். விழுந்தால் தனியாக நிமிர்த்தும்போது தெரியும். புதிதாகப் பழகுபவருக்கு முதல் இரண்டு வருடமும் அதிகம் களைப்பு வருவது நெடுஞ்சாலையில் அல்ல. நிறுத்தும் இடத்திலும் திருப்பும் இடத்திலும்தான். இந்தப் பாரம் மனதிலேயே கிடக்கும்: "இதை எங்க திருப்புறது? எங்க நிப்பாட்டுறது?" அந்த யோசனையும் கவனத்தைத் தின்னும்.

அடுத்தது சாகசப் பைக் என்று சொல்லப்படும் உயரமான வகை. 1980 இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ் இதன் தாய். நிமிர்ந்து இருக்கலாம், முழங்கால் மடிப்புக் குறைவு, மண் றோட்டிலும் போகலாம். எங்கள் முதுகுக்கு நல்லது. ஆனால் பெரிய மாதிரிகளில் சீற் உயரம் 850 மில்லிமீற்றருக்குக் கிட்ட. எங்கட ஆட்களில் பலருக்கு இரண்டு காலும் எட்டாது. விளம்பரப் படத்தில் இருப்பவர் ஆறடி இரண்டு அங்குலம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதே வகையில் சின்னப் பைக்குகளும் இருக்கின்றன. அவற்றில் இரண்டு எங்கள் ஆட்களுக்குச் சொல்ல ஒரு கதையோடு வருகின்றன. ரோயல் என்பீல்ட் இந்தியாவில் 1955 இல் சென்னைத் திருவொற்றியூரில் தொடங்கியது. இன்றைக்குச் சென்னைக்கு வெளியே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள். அவர்களின் ஹிமாலயன் 2016 இல் 411 சிசியோடு வந்தது, 2023 இல் 452 சிசி ஆனது. நிறை ஏறத்தாழ 200 கிலோ. பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஜிஎஸ் பைக்கைக் கட்டியது ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலை. ஜெர்மன் சின்னத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களிடம் "இது ஓசூரில செய்தது" என்று சொன்னால் முகத்தில் ஒரு மாற்றம் வரும். என் மகன் இந்த விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

நான் ஓடுவது 500 சிசி வகை இரட்டைச் சிலிண்டர், 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாமானோடு மணிக்கு 100, 110 இல் நாள் முழுக்கப் போகும். ஒன்ராறியோவில் அதற்கு மேல் வேகம் எதற்கு? "சின்னப் பைக்கில தூரம் போகேலாது" என்று சொல்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்லலாம். ரெட் சைமன் 1973 இலிருந்து 1977 வரை உலகத்தைச் சுற்றியது 500 சிசி ட்ரயம்பில். எல்ஸ்பெத் பியேர்ட் என்ற பெண் 1982 இல் லண்டனில் இருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றி வந்தது 600 சிசி வகைப் பழைய பிஎம்டபிள்யூவில். எங்களுக்கு சட்பரிக்குப் போய்வர 1800 சிசி கட்டாயம் இல்லை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: ஏபிஎஸ் பிரேக். பதற்றத்தில் பிரேக்கை இறுக்கினாலும் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அது. ஐரோப்பாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு 2016 இலிருந்து கட்டாயம். இந்தியாவிலும் 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதுப் பைக்குக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். பழைய பைக் வாங்குபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

களைப்பு எப்படி வருகிறது

ஒருநாள் ஓடிவிட்டு வந்து "காத்துத்தானே, என்ன களைப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காற்றுத்தான் களைப்பு. மணிக்கு 100 இல் போகும்போது உடம்பு முழுநாளும் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பது போல. ஹெல்மெற்றுக்குள் வரும் காற்றுச் சத்தம் காது கெடும் அளவான 85 டெசிபலைத் தாண்டும். சின்னப் பஞ்சுக் காதடைப்பான் ஒன்று போட்டால் பின்னேரம் தலையிடி இல்லை. மருந்துக்கடையில் வாங்கலாம். நான் பைக்குக்கு வாங்கியவற்றில் மிகவும் மலிவானதும் மிகவும் பயன்பட்டதும் அதுதான்.

குளிரும் அப்படி. வெளியில் 10 பாகை என்றால் எங்களுக்கு மே மாதத்து நல்ல நாள். கனடாவில் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கில் அதே 10 பாகை, 100 கிலோமீற்றர் காற்றில், தோலுக்கு 4 பாகை மாதிரி. இரண்டு மணித்தியாலத்தில் விரல் விறைக்கும். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்கப் பிந்தும். மணிக்கு 100 இல் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர் போகிறோம். அரைச் செக்கன் பிந்தினால் 14 மீற்றர். அது மூன்று கார் நீளம்.

அதனால்தான் ஒரு நாளைக்கு 400 கிலோமீற்றருக்கு மேல் நான் போடுவதில்லை. இங்கே நான் அடிக்கடி போகும் பயணத்தைச் சொல்கிறேன். முதல் நாள் ரொறன்ரோவில் இருந்து சட்பரி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரண்டாம் நாள் 17ஆம் நெடுஞ்சாலையில் சூ செயின்ற் மரி, 300 சொச்சம். மூன்றாம் நாள் சுப்பீரியர் ஏரிக் கரையோடு வாவா, 230 தான். நாள் போகப் போகத் தூரம் குறைகிறது, கவனித்தீர்களா? முதல் நாள் உற்சாகம் ஓடும். மூன்றாம் நாள் முதுகுதான் ஓடும்.

அந்த மூன்றாம் நாள்தான் இவ்வளவுக்கும் காரணம். றோட்டு மலையில் ஏறி, இறங்கி, திடீரென்று இடப்பக்கம் முழுக்க ஏரி. அக்கரை தெரியாது. அலை அடிக்கும். கடல் என்றுதான் மனம் சொல்லும், ஆனால் உப்பு மணம் இல்லை. இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கைத் தீவும் 65,610 தான். இலங்கையை உள்ளே வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் இருக்கும். காருக்குள் இருந்து பார்த்தால் அழகு. பைக்கில் போனால் ஏரிப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் குளிர் வந்து முகத்தில் அடிக்கும், காட்டுப்பக்கம் திரும்பினால் சூடும் தேவதாரு மணமும். அந்த இடத்தை உடம்பால் தெரிந்துகொள்கிறோம். இதை வாயால் விளங்கப்படுத்த முடியாமல்தான் பல பேர் வீட்டில் "சும்மா ஒரு சுத்து" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

திரும்பும் வழியில் மனிட்டூலின் தீவுக்கு இறங்கி, அங்கிருந்து ரொபமோரிக்குக் கப்பலில் வரலாம். இரண்டு மணித்தியாலம் முதுகுக்கு ஓய்வு. கப்பலின் பெயர் சீ-சீமான். எங்கட ஆட்கள் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். ஒஜிப்வே மொழியில் பெரிய தோணி என்று பொருள்.

வடக்கே போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் மூஸ் றோட்டுக்கு வரும். உடம்பு கறுப்பு, கால் நீளம், கண் எங்கள் வெளிச்சத்துக்கு மேலே நிற்கும், அதனால் மானைப் போலக் கண் மினுங்கித் தெரியாது. அந்த நேரத்தில் அறையில் இருங்கள். மற்றது, ஏரிக்கரைப் பூங்காப் பகுதியில் பல இடங்களில் கைபேசி எடுக்காது. பெற்றோல் நிலையங்களும் தூரத்தூர. அரைத் தாங்கி ஆனதும் நிரப்பிவிடுங்கள், வீட்டுக்கும் அங்கேயே ஒரு செய்தி போடுங்கள்.

வீட்டு ஒப்பந்தம்

என் மனைவி கணக்காளர். அவ கேட்டது எழுத்தில். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இல்லை, ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்கிறது. ஆறு வரிதான்.

ஆயுள் காப்புறுதியும் உயிலும் சரியாக இருக்கவேண்டும், பைக் ஓடுவதைக் காப்புறுதிக்காரருக்கு மறைக்கக் கூடாது. ஒரு துளி மதுவும் இல்லை. பொழுதுபட்டபின் நெடுஞ்சாலை இல்லை. எவ்வளவு வெக்கை என்றாலும் ஹெல்மெற், ஜக்கெற், கையுறை, கணுக்கால் மூடிய சப்பாத்து எல்லாம் போடவேண்டும். ஒவ்வொரு ஏப்ரலும் முதல் ஓட்டம் வெறும் வாகனத் தரிப்பிடத்தில்: குளிர்காலத்தில் உடம்பு மறந்ததைப் பிரேக் பிடித்துப் பிடித்து நினைவூட்டவேண்டும், றோட்டில் கிடக்கும் பனிக்கால மண்ணை மழை கழுவும்வரை பொறுக்கவேண்டும். ஆறாவது வரி அவவின் கையெழுத்தில்: "காரணம் சொல்லாமல் 'இண்டைக்கு வேண்டாம்' எண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கு."

இந்த ஆறாவதைக் கேட்டுச் சில நண்பர்கள் சிரித்தார்கள். பதினான்கு வருடத்தில் அவ அதை நான்கு தரம் பாவித்திருக்கிறா. நான்கு தரமும் எனக்கு நித்திரை குறைவு, அல்லது வேலையில் ஏதோ பிரச்சினை, மனம் வேறெங்கோ. எனக்கு முன்னால் அவவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாள்களில் பைக்கைத் துடைத்து வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நீச்சல் வகுப்புக்குப் போனேன்.

பதினாறு வயது வரும்போது

இனி எங்களுக்கே வரப்போகும் கேள்வி. என் மகளுக்குப் பதினான்கு. கால் இரண்டும் பின் மிதியில் நன்றாகப் பதிந்த பிறகுதான் அவளைப் பின்னால் ஏற்றினேன். அவளுக்கென்று அளவான ஹெல்மெற், ஜக்கெற். இப்போது கேட்கத் தொடங்கிவிட்டாள்: "அப்பா, பதினாறு வந்தா நான் எம்1 எடுக்கலாம்தானே?"

எடுக்கலாம். ஒன்ராறியோவில் 16 வயதில் கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் முடித்தால் எம்1 கிடைக்கும். அது 90 நாள்தான் செல்லும். பகலில் மட்டும், பின்னால் ஆள் இல்லாமல், 400 தொடர் நெடுஞ்சாலைகளைத் தவிர்த்து ஓடவேண்டும். பிறகு ஓட்டப் பரீட்சை முடித்து எம்2. அங்கீகரித்த பயிற்சி வகுப்பு எடுத்தால் 22 மாதம் 18 ஆகக் குறையும். நீங்கள் இருக்கும் நாட்டில் படிகள் வேறாக இருக்கும். பிரித்தானியாவில் 16 இல் 50 சிசி, 17 இல் 125 சிசி, கட்டுப்பாடில்லாத பெரிய பைக்குக்கு நேரடியாகப் போக 24 வயது. எங்கேயும் சட்டம் சின்னதில் தொடங்கிப் பெரிதுக்குப் போகச் சொல்கிறது. நாற்பது வயதுக்காரருக்கும் அதுவே நல்ல வழி.

மகளுக்கு என்ன சொல்லுவது என்று நானும் மனைவியும் பேசியிருக்கிறோம். "நீ பெட்டை, உனக்கு வேண்டாம்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. "அப்பா ஓடுறார், நீ ஓடாத" என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் எங்கள் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் கையுறை போடுகிறேனா, களைத்த நாளில் திறப்பை வைத்துவிடுகிறேனா என்று பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுத்தால் பதினெட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு நண்பனின் பைக்கில் பழகுவாள். அந்த 92 சதவீதத்தில் ஒருத்தியாக அவள் சேர்வதை நான் விரும்பவில்லை. ஆகவே பயிற்சி வகுப்புக்கு நான் காசு கட்டுவேன், பக்கத்தில் நின்று பார்க்கமாட்டேன். சொல்லிக்கொடுப்பவர் வேறு ஆளாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகும் அவளுக்கு ஆசை இருந்தால், வீட்டு ஒப்பந்தத்தில் அவளும் கையெழுத்து வைப்பாள். பயமில்லாமல் இதை எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். இப்பதான் அம்மா என்னை வாசலில் நின்று பார்க்கும் பார்வை எனக்குச் சரியாக விளங்குகிறது.

வாசகிக்கு

அக்கா, உங்கட கணவரிடம் மூன்று கேள்வி கேளுங்கோ. ஒன்று, பயிற்சி வகுப்புக்குப் பதிந்தாச்சா? ஒரு வார இறுதிதான், பைக்கும் அவர்களே தருவார்கள். அந்த இரண்டு நாளில் சில பேருக்கு ஆசை தானாகப் போய்விடும், அதுவும் நல்ல முடிவு. இரண்டு, பார்க்கும் பைக்கின் நிறை என்ன, இரண்டு காலும் நிலத்தில் படுமா, ஏபிஎஸ் இருக்கா? மூன்று, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு நிற்பார், எங்கிருந்து செய்தி போடுவார்?

மூன்றுக்கும் கோபப்படாமல் பதில் சொல்லுகிறார் என்றால், அவர் பைக்கைப் பற்றி மட்டுமல்லாமல் உங்களைப் பற்றியும் யோசித்திருக்கிறார். ஓமெண்டு சொல்லலாம். "அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம், நீ சும்மா இரு" என்றால் இன்னும் ஒரு வருடம் போகட்டும். பைக் எங்கேயும் ஓடிப்போகாது.

இன்னொன்று. அந்தப் பயிற்சி வகுப்புக்கு நீங்களும் சேர்ந்து போய்ப் பாருங்கோவன். ஓடவேண்டும் என்றில்லை. பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கும், வளைவில் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்தால், அவர் வெளியே போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டில் இருந்து படும் பயத்துக்கு ஒரு அளவு வரும். பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்ளுவா. கட்டாயம் ஏசுவா, ஆனால் பார்த்துக்கொள்ளுவா.

அடுத்த மாதம்: பனி வருமுன் பைக்கை எப்படி மூடி வைப்பது, பற்றரியை என்ன செய்வது. கேள்வி இருந்தால் எழுதுங்கோ.